ஐஹோளே துர்கா கோவிலும் அதை ஒட்டிய அருங்காட்சியகமும்: எப்படிப் பார்த்தால் முழுமையாக இருக்கும்?

கேள்வி இதுதான்: குடும்பத்தோடு இரண்டு நாள் கர்நாடகத்தில் பாதாமி, பட்டடக்கல், ஐஹோளே போகிறோம். ஐஹோளேயில் துர்கா கோவிலுக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் மியூசியம் ஒன்று இருக்கிறதாம். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டுமா, இல்லை கோவில்களை மட்டும் பார்த்தால் போதுமா?

கட்டாயம் ஒதுக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம். ஐஹோளேயில் சிறிதும் பெரிதுமாக 120-க்கு மேற்பட்ட கோவில்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் மாடங்கள், அதாவது சுவரில் சிலை நிற்கும் குழிவுகள், வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த மாடங்களிலும் விதானங்களிலும் வாசல்களிலும் இருந்து விழுந்தவை, வயல்களிலும் வீட்டுச் சுவர்களிலும் கிடைத்தவை எல்லாம் சேர்ந்துதான் அந்த மியூசியம். அதைத் தனி இடமாக நினைக்காமல், கோவில்களின் மிச்சப் பகுதியாக நினைத்துக்கொண்டு உள்ளே போனால்தான் அங்கே வைத்திருக்கும் கற்கள் பேசும். இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் 'எல்லாமே உடைஞ்ச சிலை' என்று வெளியே வந்துவிடுவீர்கள். பெரும்பாலானவர்களுக்கு நடப்பது அதுதான்.

முதலில் கிழமை. வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. கோவில் வளாகம் அன்றும் திறந்திருக்கும். அதனால் வாசலில் சீட்டு வாங்கி உள்ளே போன பிறகுதான் மியூசியக் கதவு பூட்டியிருப்பது தெரியவரும். பாதாமி மியூசியத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. ஆகவே உங்கள் இரண்டு நாளில் வெள்ளி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு ரயில் ஏறி வெள்ளி, சனி பார்க்கலாம் என்று போடும் திட்டம்தான் அடிக்கடி சிக்கலில் மாட்டுவது. வெள்ளியைத் தவிர்க்க முடியாவிட்டால் அன்று பட்டடக்கலையும் பாதாமிக் குடைவரைகளையும் வைத்துக்கொண்டு, ஐஹோளேயைச் சனிக்கு மாற்றுங்கள்.

அடுத்தது மணி. மியூசியம் காலை 10 முதல் மாலை 5 வரை என்று வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு. சாயங்காலம் நாலரைக்கு மேல் போனால் உள்ளே விட்டாலும் காவலர்கள் விளக்கை அணைக்கத் தயாராக நிற்பார்கள், நிதானமாகப் பார்க்க முடியாது. கோவில் வளாகத்துக்கு ஒரு சீட்டு, மியூசியத்துக்குத் தனிச் சீட்டு. இரண்டும் சேர்ந்தாலும் பெரிய தொகை இல்லை. வளாகத்துக்கான சீட்டைத் தொல்லியல் துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. ஆனாலும் சில்லறை கையில் இருக்கட்டும். கிராமத்தில் போன் சிக்னல் சில நேரம் போய்விடும், அப்போது கியூஆர் வேலை செய்யாது.

தங்குவதற்குப் பாதாமிதான். ஐஹோளே ஒரு சிற்றூர். தங்கும் வசதியும் சாப்பாட்டு வசதியும் மிகக் குறைவு. பெங்களூரிலிருந்து இரவு ரயிலான கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் பாதாமியில் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து ஊர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். ஹூப்ளியில் இறங்கினால் சாலை வழி சுமார் 105 கிலோமீட்டர். பாதாமியிலிருந்து பட்டடக்கல் 22 கிலோமீட்டர், அங்கிருந்து ஐஹோளே இன்னும் 13 கிலோமீட்டர் போல. ஒரே சாலைக் கோட்டில் இருப்பதால், பட்டடக்கலை வழியில் விட்டுவிட்டு நேராக ஐஹோளே போய், திரும்பும்போது பட்டடக்கலில் இறங்குவது நல்லது. அதற்கு வெளிச்சம் ஒரு காரணம், மியூசிய நேரம் இன்னொரு காரணம். பேருந்து உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. குடும்பமாகப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு வண்டி பேசிக்கொள்வதே மேல். பேசும்போதே 'ஐஹோளேயில் ஐந்தாறு மணி நேரம் நிற்கணும்' என்று சொல்லிவிடுங்கள். டிரைவர்கள் வழக்கமாக ஒரு மணி நேரக் கணக்கில் வருவார்கள்.

பாதாமியில் ஏழரைக்குக் கிளம்பினால் எட்டரை வாக்கில் துர்கா கோவில் வளாகத்தில் இருக்கலாம். மியூசியம் திறக்கும் வரை கோவிலைப் பாருங்கள். கோவில் முதலில், மியூசியம் பிறகு என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிலை எந்த உயரத்தில், எவ்வளவு ஆழமான மாடத்தில், எந்த வெளிச்சத்தில் நிற்க வேண்டும் என்று கண் பழகிய பிறகு மியூசியத்துக்குள் போனால், பீடத்தில் தனியாக நிற்கும் கல்லை மனசுக்குள் எடுத்துச் சுவரில் பொருத்திப் பார்க்க முடியும்.

துர்கா கோவில் என்ற பெயரே பலரைக் குழப்பும். இது துர்க்கைக்குக் கட்டிய கோவில் இல்லை. பிற்காலத்தில் இதைக் கோட்டை மதிலோடு சேர்த்துக் கூரை மேல் காவல் மேடை கட்டினார்கள். 'துர்க்கம்' என்றால் கோட்டை. அதிலிருந்து வந்த பெயர். முதலில் இது சூரியனுக்கான கோவிலாக இருந்தது என்பதற்குக் கல்வெட்டு ஆதாரம் வளாகத்து வாயிலிலேயே இருக்கிறது. காலம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், பாதாமிச் சாளுக்கியர் கட்டியது.

பின்பக்கம் போய் நின்று பாருங்கள். கோவிலின் முதுகு அரைவட்டமாக வளைந்திருக்கும். வடமொழியில் இதைக் கஜபிருஷ்டம் என்பார்கள், யானையின் முதுகு. நமக்கு இதற்கு அழகான சொல் ஏற்கெனவே உண்டு, தூங்கானை மாடம். பெண்ணாகடம் கோவிலுக்குத் தேவாரத்தில் வரும் பெயர் இதுதான். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம் என்று சொல்கிறோமே, அதுவும் இதே வடிவம். பக்கத்தில் கல் யானை நிற்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். முன்பே மாமல்லபுரம் போய் வந்தவர்கள் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிடட்டும்.

இந்தக் கோவிலின் தனிச்சிறப்பு கருவறையைச் சுற்றி வெளியே ஓடும் தூண் வரிசை. தூண்களுக்கும் சுவருக்கும் இடையே நடந்து வலம் வரலாம். வலம் வரும்போது சுவர் மாடங்களில் நந்தியோடு சிவன், நரசிம்மர், கருடனோடு திருமால், வராகர், மகிஷாசுரமர்த்தினி, அரிகரர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். நடுவே சில மாடங்கள் காலி. அந்தக் காலி மாடங்களின் அகலத்தையும் உயரத்தையும் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். மியூசியத்தில் கை கொடுக்கும்.

மகிஷாசுரமர்த்தினி முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எருமை முழுக்க எருமையாகவே இருக்கிறது. தேவி அதன் கழுத்தில் சூலத்தை இறக்குகிறாள், பக்கத்தில் சிங்கம். மாமல்லபுரத்துக் குடைவரையிலோ அசுரன் எருமைத் தலை கொண்ட மனித உடம்போடு எதிரே நின்று போரிடுகிறான். பின்னால் வந்த சிற்பங்களில் வெட்டுண்ட எருமைக் கழுத்திலிருந்து மனிதன் வெளியே வருவான். இந்த மூன்று வகையும் மனசில் இருந்தால் போதும், எந்த மியூசியத்திலும் ஒரு மகிஷாசுரமர்த்தினி முழு எருமையா, எருமைத் தலை மனிதனா, எருமையிலிருந்து வரும் மனிதனா என்று பார்த்துக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பிரித்துவிடலாம்.

மேலே விமானம் வடநாட்டு நாகர பாணி, பாதி சிதைந்தது. அதன் உச்சியில் இருந்திருக்க வேண்டிய நெல்லிக்காய் வடிவ வட்டக்கல், ஆமலகம், தரையிலேயே கிடக்கிறது. உட்கார இடம் தேடிப் பலர் அதன் மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம், அது சிகரம். கீழே இருப்பதால் அதன் உண்மையான அளவைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது, கோபுரத்தின் மேல் இருந்தால் இது கிடைக்காது.

மணி பத்தாகியிருக்கும். இப்போது மியூசியம்.

1970-ல் சிதறிக் கிடந்த சிற்பங்களைப் பத்திரப்படுத்தும் கொட்டகையாகத் தொடங்கி, 1987-ல் முழு அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. ஆறு கூடங்கள், வெளியே திறந்தவெளிக் காட்சி. பெரிய இடம் இல்லை. அதுதான் இதன் நல்ல குணம், களைப்பு வராது.

உள்ளே நுழைந்ததும் சிலைகளுக்குப் போகாமல், ஐஹோளே ஊரையும் சுற்றுப்புறத்தையும் காட்டும் மாதிரி வடிவம் இருக்கும் கூடத்தைத் தேடிப் போங்கள். மலப்பிரபை ஆறு எங்கே வளைகிறது, மேகுட்டிக் குன்று எங்கே, நீங்கள் இப்போது நிற்கும் வளாகம் எங்கே என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வீடுகளும் கோவில்களும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது அதில்தான் புரியும். நூற்றாண்டுக் கணக்கில் ஊர்மக்கள் இந்தக் கோவில்களுக்குள்ளேயே குடியிருந்தார்கள். அதனால்தான் கோவில்களுக்குச் சாமி பெயர் இல்லாமல் குடியிருந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. லாட்கான் குடி என்றால் லாட்கான் என்பவர் தங்கியிருந்த கோவில். பதிகேர குடி தச்சர் வீடு, கௌடர குடி ஊர்க் கவுடர் வீடு. கன்னடத்தில் 'குடி' என்றால் கோவில்.

பிறகு சிலைகள். கல்லின் ஓரத்தைக் கவனியுங்கள். இந்த வட்டாரத்துக் கல் மணற்கல், மஞ்சளும் சிவப்பும் கலந்தது. படிவுப் பாறை என்பதால் ஏடு ஏடாக அடுக்குக் கோடுகள் தெரியும். கல்லை வெட்டியபோது இருந்தபடி படுக்கையாக வைத்தால் நெடுநாள் தாங்கும். அடுக்குகள் முகத்துக்கு இணையாக வரும்படி நிமிர்த்தி வைத்தால், மழையும் வெயிலும் உப்பும் சேர்ந்து மேல் ஏட்டை அப்படியே உரித்துவிடும். முகம் முழுக்க வழுக்கையாகி, பின்னால் உடம்பு மட்டும் நன்றாக இருக்கும் சிலைகளைப் பார்த்தால் உடனே 'படையெடுப்பில் உடைத்தார்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். மூக்கிலும் கையிலும் உளி அடி பட்ட உடைப்பு ஒரு மாதிரி இருக்கும், ஏடு உரிந்தது வேறு மாதிரி இருக்கும். முதலாவதில் முறிவு கூர்மையாக, சிறு பள்ளமாக இருக்கும். இரண்டாவதில் சமதளமாகப் பலகை போலப் போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க இந்த மியூசியம் நல்ல இடம்.

ஏழு தாய்மார் சிற்பங்கள் இங்கே உண்டு. நம் ஊர்க் கன்னிமார் கோவில்களில் ஏழு கல்லை வைத்துக் கும்பிடுகிறோமே, அந்த மரபின் சிற்ப வடிவம். யார் யார் என்று தெரிய முகத்தைப் பார்க்காதீர்கள், பீடத்தைப் பாருங்கள். அன்னம் என்றால் பிராமி, காளை என்றால் மகேசுவரி, மயில் கௌமாரி, கருடன் வைணவி, யானை இந்திராணி. பன்றி முகம் இருந்தால் வராகி, அவளுக்குப் பீடம் பார்க்கத் தேவையில்லை. எலும்பும் தோலுமாக வயிறு ஒட்டி இருப்பவள் சாமுண்டி. வரிசையாகச் செதுக்கும்போது ஒரு முனையில் வீரபத்திரரும் மறு முனையில் பிள்ளையாரும் இருப்பார்கள். பலகை உடைந்து இரண்டு மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்தால், பிள்ளையார் எந்தப் பக்கம் என்று பார்த்தால் இல்லாதவர்கள் யார் என்று கணக்குப் போட்டுவிடலாம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு அங்கே இல்லை.

அம்பிகையைத் தவறவிடாதீர்கள். மேகுட்டிச் சமணக் கோவிலிலிருந்து கொண்டுவந்த யட்சி இவள், தீர்த்தங்கரருக்குத் துணை நிற்கும் பெண் தெய்வம். மரத்தடியில் இருக்கை, சிங்க வாகனம், சுற்றிலும் தோழியர். உடம்பின் சாய்வும் தோழியரின் நிலையும் இவ்வளவு இயல்பாக அமைந்த சாளுக்கியச் சிற்பம் குறைவு. இவளைத் 'துர்க்கை' என்று எண்ணிக் கடந்துபோகிறவர்கள் அதிகம், சிங்கம்தான் காரணம். மரமும் தோழியரும் இருந்து, கையில் போர்க்கருவி இல்லாமல் சிங்கம் இருந்தால் அம்பிகை என்று கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சமணத்தில் இவளே இயக்கி. சிதறால் மலையில் சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்பவளும் இவள்தான். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் இசக்கி என்று கும்பிடும் சொல்லும் இதே 'யட்சி'யின் வழி வந்தது.

நடுகற்களுக்கு வரும்போது, கீழிருந்து மேலாகப் படியுங்கள். கன்னடத்தில் வீரகல்லு என்பார்கள். வழக்கமாக மூன்று அடுக்கு இருக்கும். அடி அடுக்கில் சண்டை, ஆடுமாடு மீட்பு என்றால் மாடுகளும் தெரியும். நடு அடுக்கில் தேவமகளிர் வீரனை இரு பக்கமும் தாங்கிக்கொண்டு மேலே போவார்கள். உச்சியில் அவன் லிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பான். மேலிருந்து கீழே படித்தால் சாமி கும்பிட்டுவிட்டுச் சண்டைக்குப் போன கதையாகத் தலைகீழாகிவிடும். தனியாக ஒரு கை மட்டும் தூணிலிருந்து நீண்டு, நிறைய வளையலோடு, விரல்கள் மேலே பார்க்க உள்ளங்கை விரிந்து இருந்தால் அது சதிக்கல், கணவனோடு தீப்பாய்ந்தவளுக்கு வைத்தது, கன்னடத்தில் மாஸ்திகல்லு. வளையல் உடையாமல் இருப்பது அவள் சுமங்கலியாகவே போனாள் என்பதைக் காட்ட. நம் பக்கத்துச் சதிக்கற்களையும் மாலைக்கோவில்களையும் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

இங்கே இல்லாததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐஹோளேயின் மிகச் சிறந்த விதானச் சிற்பங்களில் சில இப்போது ஊரில் இல்லை. ஹுச்சப்பய்யா குடியின் விதானத்தில் இருந்த பிரம்மன், திருமால், சிவன் பலகைகள் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்தில் இருக்கின்றன. வானில் பறக்கும் கந்தர்வ இணை ஒன்று டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில். அந்த வகைப் பறக்கும் உருவங்களின் தரத்தை இந்த ஊரிலேயே பார்க்க வேண்டும் என்றால் கோவில்களின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். துர்கா கோவிலில் சுருண்ட வாலோடு நாகராஜன் இருக்கிறான். கழுத்து வலிக்கிறது என்றால் போனின் முன்பக்கக் கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து படம் எடுத்துப் பார்க்கலாம்.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. வளாகத்தில் கோவில்களைச் சாதாரணமாகப் படம் எடுக்கலாம், முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும். மியூசியக் கூடங்களுக்குள் காவலரைக் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். ஃபிளாஷ் எப்போதும் கூடாது. விடமாட்டேன் என்று சொன்னால் வாதாடாதீர்கள், ஒரு சின்ன நோட்டில் பெயர்ப்பலகையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோவிலிலிருந்து கிடைத்தது என்ற வரிதான் அதில் முக்கியம். நூற்றாண்டைவிட அது பயன்படும். 'மேகுட்டி' என்று எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் அந்த இடத்துக்கே போய் நிற்க முடியும்.

மியூசியத்திலிருந்து வெளியே வந்ததும் ஒரு பத்து நிமிடம் மறுபடி துர்கா கோவிலைச் சுற்றுங்கள். முதலில் பார்க்காத சிலவற்றைக் கண் தானாகவே பிடிக்கும். பிறகு அதே வளாகத்து லாட்கான் கோவில். கூரையைப் பாருங்கள், சாய்வான கற்பலகைகளின் இணைப்பின் மேல் நீளநீளமான கல் உருளைகள் ஓடும். மரப்பலகைக் கூரையில் இடுக்கில் மழைத்தண்ணீர் ஒழுகாமல் இருக்க மேலே வைக்கும் மரச் சட்டத்தைக் கல்லில் அப்படியே செய்திருக்கிறார்கள். பழைய புத்தகங்களும் சில வழிகாட்டிகளும் இதை 5-ஆம் நூற்றாண்டு, இந்தியாவின் மிகப் பழைய கோவில்களில் ஒன்று என்று சொல்வார்கள். இப்போதைய ஆய்வாளர் பலர் 7-ஆம் நூற்றாண்டின் கடைசி, 8-ஆம் நூற்றாண்டு என்று கீழே கொண்டுவந்துவிட்டார்கள். எளிமையாக இருப்பதால் பழையது என்று முடிவு கட்டியது முன்பு நடந்த தவறு.

வளாகத்துக்கு வெளியே இரண்டு இடம் மட்டும் கட்டாயம்.

ஒன்று ராவண பாடி, 6-ஆம் நூற்றாண்டுக் குடைவரை. உள்ளே போனதும் டார்ச் அடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கண்ணை மூடித் திறந்து இருட்டுக்குப் பழக்குங்கள். பத்துக் கையோடு ஆடும் சிவன், சுற்றி ஏழு தாய்மாரும் ஆடும் கோலம். சற்று முன் மியூசியத்தில் பார்த்த தாய்மாரோடு ஒப்பிடுங்கள். இங்கே வாகனத்தை வைத்து அடையாளம் காணும் வழி பயன்படாது. உடம்பு நீண்டு, மகுடம் உயர்ந்து, எல்லோரும் ஒரே தாளத்தில் அசைகிறார்கள்.

இன்னொன்று மேகுட்டிக் குன்று. 'மேல் குடி' என்பதுதான் மேகுட்டி ஆயிற்று, மேலே இருக்கும் கோவில். கோவிலின் கிழக்குச் சுவரில் ரவிகீர்த்தி எழுதிய ஐஹோளே கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 556, அதாவது கி.பி. 634-35. வடமொழிச் செய்யுள், பழங்கன்னட எழுத்து, 19 வரி. இரண்டாம் புலிகேசி ஹர்ஷரை வென்றதும், பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கவைத்ததும், யானைப்படையோடு காவிரியைக் கடந்ததும் இதில்தான் வருகிறது. கடைசியில் ரவிகீர்த்தி தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகராகச் சொல்லிக்கொள்கிறார். அந்த இரு கவிஞர்களும் 634-க்கு முற்பட்டவர்கள் என்று உறுதியாகச் சொல்ல இந்த வரிதான் ஆதாரம்.

கல்வெட்டு மியூசியத்தில் இல்லை, சுவரிலேயே இருக்கிறது. எழுத்து தெரிய வேண்டுமானால் வெயில் சுவரை உரசிக்கொண்டு விழ வேண்டும். கிழக்குச் சுவர் என்பதால் அதிகாலையில் வெயில் நேராக முகத்தில் அடித்து எழுத்துப் பள்ளங்களை மறைத்துவிடும். பதினொன்றிலிருந்து உச்சிவேளைக்குள் மேலிருந்து சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் இந்த நேரத்தில் ஏறுவது சிரமமில்லை. மார்ச்சுக்கு மேல் என்றால் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்துக் காலை எட்டரைக்கே குன்றுக்குப் போய், அதை முடித்துவிட்டு மியூசியத்துக்கு வாருங்கள். வெயிலில் மயக்கம் வந்துவிட்டால் மிச்ச நாள் போய்விடும். குன்றில் கடையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். பின்பக்கம் கொஞ்சம் நடந்தால் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் தென்படும்.

தமிழர்களுக்கு இந்த ஊரோடு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. நம் கல்வெட்டுகளில் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்று வரும் பெரிய வணிகக் குழு இந்த ஊரின் பெயரால்தான் அறியப்பட்டது. கன்னடத்தில் ஐயாவொளே ஐந்நூற்றுவர். தமிழ்க் கல்வெட்டில் ஊரின் பெயர் 'ஐயப்பொழில்'. ஐயப்பொழில் பரமேசுவரியின் மக்கள் என்று அந்த வணிகர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். சுமத்ரா தீவின் பாரூசில், 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வரைக்கும் அவர்கள் பெயர் போயிருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்திலோ ஈழத்திலோ ஐந்நூற்றுவர் கல்வெட்டைப் பார்த்தவர்கள், அந்தப் பெயர் புறப்பட்ட இடம் இந்தச் சிறு கிராமம் என்று நினைத்துக்கொண்டு நடந்தால் ஊர் வேறு மாதிரித் தெரியும்.

மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. பாதாமியில் காலையிலேயே சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், கடலைச் சட்னி பொட்டலம் கட்டித் தருவார்கள். சோள ரொட்டியில் காய்ந்த கடக்கு ரொட்டி வகையைக் கேளுங்கள், கெடாது. இரண்டரைக்குப் பட்டடக்கல். அங்கே விருபாட்சர் கோவிலில் பூஜை நடக்கிறது, செருப்பைக் கழற்ற வேண்டும். மதிய வெயிலில் கல்தரை கொதிக்கும், ஆளுக்கு ஒரு ஜோடி காலுறை பையில் வையுங்கள். காஞ்சியை வென்ற இரண்டாம் விக்கிரமாதித்தனின் அரசி லோகமாதேவி 740 வாக்கில் எடுத்த கோவில் அது. காஞ்சிக் கைலாசநாதர் கோவிலில் ஒரு தூணில், அவன் அந்தக் கோவிலின் பொருளைக் கொள்ளையிடாமல் திருப்பிக் கொடுத்த செய்தி கன்னடத்தில் வெட்டியிருக்கிறது. விருபாட்சரின் விமானத்தைப் பார்க்கும்போது கைலாசநாதர் நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை.

இரண்டாம் நாள் பாதாமி. நான்கு குடைவரைகளையும் காலை ஒன்பதுக்குள் தொடங்குங்கள். மூன்றாவது குடைவரை 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது, நேரத்தை அதற்கு அதிகமாகக் கொடுங்கள். குரங்குத் தொல்லை உண்மையிலேயே அதிகம். பிளாஸ்டிக் பை, கையில் தின்பண்டம் இரண்டும் இருந்தால் பறித்துவிடும். பிறகு அகத்திய தீர்த்தத்தின் கரையைச் சுற்றி எதிர்க்கரைக்கு வந்தால் பாதாமி மியூசியம். இதுவும் சிற்பக் கொட்டகையாக 1979-ல் தொடங்கி 1982-ல் அருங்காட்சியகமானது. நான்கு கூடங்கள். நாகநாதகொள்ளாவிலிருந்து வந்த லஜ்ஜாகௌரி இங்கேதான் இருக்கிறாள். தலைக்குப் பதில் தாமரை, பிள்ளைப்பேற்று நிலையில் உடம்பு. வளத்துக்கும் மகப்பேற்றுக்கும் வேண்டிக் கும்பிட்ட தெய்வம். பிள்ளைகள் கேட்டால் அப்படியே சொல்லுங்கள், தயங்க வேண்டியதில்லை. இரு பக்கமும் செதுக்கிய மகர தோரணத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பெரும்பாலோர் முன்பக்கத்தோடு நகர்ந்துவிடுகிறார்கள்.

642-ல் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இந்த ஊரை, அன்றைய வாதாபியை, பிடித்து 'வாதாபி கொண்டான்' ஆனான். அவனது 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சிதைந்த நிலையில், பாதாமியிலேயே ஒரு பாறையில் இருக்கிறது. நேற்று மேகுட்டியில் புலிகேசியின் வெற்றியைப் படித்தவர்கள், எட்டு ஆண்டுக்குள் கதை எப்படித் திரும்பியது என்பதை இங்கே பார்க்கலாம். மியூசிய வாசலில் விசாரித்தால் வழி சொல்வார்கள். முடிந்தால் மியூசியத்தைப் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டு, அதை ஒட்டிய படிப்பாதையில் சிவாலயங்களுக்கு ஏறுவதை மாலை நாலு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் குன்றின் செந்நிறம் குளத்தில் விழுவது அந்த நேரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.